மாட்டாஸ்பத்திரி பெஞ்சில் படித்த தமிழ்

போன மாதம் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். மூவரும் கால்நடை மருத்துவம் படித்து முடித்து, முதல் ஊருக்கு உத்தரவு வாங்கியவர்கள். கையில் இனிப்புப் பெட்டி. "வேலையில் சேர்வதற்கு முன்னால் எந்தப் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஐயா?" என்று கேட்டார்கள். "நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள்" என்றேன். சிரித்தார்கள். ஓய்வு பெற்றவன் எதைச் சொன்னாலும் சிரித்துவைப்பது மரியாதை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் காரணம் சொல்லத் தொடங்குவதற்குள் அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இனிப்புக் கொண்டுவராத மற்றவர்களும் படிக்கலாம்.

நான் சென்னையில் பிறந்து சென்னையிலேயே படித்தவன். கல்லூரிக்குப் போகும்வரை மாட்டைப் பால்காரர் வீட்டு வாசலில் மட்டுமே பார்த்தவன். எனக்குச் சொற்கள் மேல் ஒரு கிறுக்கு இருந்தது. காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துண்டுத்தாளைச் செருகி, அதிலிருக்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வேன். அன்றைய சொற்கள் எவ்வளவு கடினம் என்பதை என் கன்னத்து வெட்டுக்காயங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் தமிழ்மேலும் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்திருந்தது. அதனால் மாலையில் ஐந்து தூய தமிழ்ச் சொற்கள். இப்படி நாளுக்குப் பத்து வீதம் சேர்த்து வைத்துக்கொண்டு, அறுபதுகளின் நடுவில், திருச்சுழிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு வந்து இறங்கினேன்.

ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை. மாட்டை நிறுத்த ஒரு மரச்சட்டம். வாசலில் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்துக் கிடக்கும் கரிசல். இவற்றோடு ஒரு கம்பவுண்டரும் எனக்கு ஒப்படைக்கப்பட்டார். பாளையம்பட்டிக்காரர், என் வயதுதான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். மற்ற ஆறு நாளும் என்னைக் கேலி செய்வதையே ஊழியமாக எடுத்துக்கொண்டவர்.

முதல் நாள் வந்த சம்சாரியிடம் (அந்தப் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வார்கள்), "உங்கள் எருதுக்குச் செரிமானக் கோளாறு" என்றேன்.

அவர் கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "என்னய்யா சொல்றாக?"

"வயிறு சரியில்லைங்கிறாக."

"அதைத்தான நான் வந்ததும் சொன்னேன்."

அவர்களுக்கு என் தமிழ் புரியவில்லை என்பது பாதிக் கதைதான். எனக்கு அவர்களுடையது புரியவில்லை. பத்தாயிரம் சொற்களை வைத்துக்கொண்டு புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணை லேசாகச் சுருக்கி, கீழுதட்டைக் கொஞ்சம் பிதுக்கி, மெதுவாகத் தலையை ஒருமுறை ஆட்டுவேன். 'இதை நான் எதிர்பார்த்ததுதான்' என்று அதற்கு அர்த்தம். அந்தத் தலையாட்டலை வைத்து நான்கு மாதம் ஓட்டினேன். ஊரில் எனக்கு 'எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, டாக்டருக்கு எல்லாம் தெரியும்' என்ற பெயர்கூட வந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில், இரண்டு மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் வந்த வேகத்தில் சைக்கிளை நிறுத்தவில்லை, போட்டுவிட்டார். உழவுமாடு ஒன்று விழுந்துகிடக்கிறது என்றார். அவர் பின்னாலேயே நானும் சைக்கிளில் போனேன். போகிற வழியில் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"காலையில மறுதாம்புல கட்டுனேன் சார். செத்த நேரந்தான். அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு."

தலையாட்டினேன். மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் அவர் மறுபடியும் சொன்னார். "மறுதாம்புலதான் சார்." மறுபடியும் தலையாட்டினேன். மாட்டின் வயிறு உப்பியிருந்தது. என் அறிவு அந்த வயிற்றோடு நின்றுவிட்டது. வயிற்று உப்புசத்துக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன். மாடு செத்துப்போனது. அந்த மனிதர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒடனே வந்தீகள்ல சார், அது போதும்" என்றார்.

மருந்தகத்துக்குத் திரும்பியதும் கம்பவுண்டர் கேட்டார்: "என்ன சார் தின்னுச்சாம்?"

"என்னவோ மறுதாம்பு என்றார்."

"ஹைப்போ குடுத்தீகள்ல?"

அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டேன். "மறுதாம்பு என்றால் என்ன?"

கம்பவுண்டர் அன்று என்னைக் கேலி செய்யவில்லை. "சோளத்தை அறுத்தப்பறம் அந்தக் கட்டையிலருந்து திரும்பத் தழைச்சு வரும்ல சார், அதுதான். மழையில்லாம வாடிப்போய் நின்னா அம்புட்டும் வெசம். இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

எனக்கும் தெரிந்ததுதான். வாடிய இளஞ்சோளத்தில் என்ன நஞ்சு, அது உடம்பில் என்ன செய்யும், என்ன மாற்று மருந்து என்று இறுதித் தேர்வில் இரண்டு முழுப்பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். மருந்தும் இருந்தது. போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவப் பயன்படுத்துகிறார்களே, அந்த ஹைப்போ உப்புதான். என் அலமாரியில் மூடி திறக்காமல் இருந்தது. நோய் தெரியும், மருந்து தெரியும். இரண்டையும் அந்த மாட்டோடு சேர்க்கும் ஒரு சொல் தெரியாது. அந்த மனிதர் அதை என்னிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அன்று மாலை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கண்ணாடியில் செருகிய துண்டுத்தாளை எடுத்துவிட்டேன். கன்னம் ஆறியது. நாளுக்குப் பத்துச் சொல் இல்லை, ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று மருந்தகத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும். வராமல் மருந்தகத்தைப் பூட்டக் கூடாது. இதுதான் நான் எனக்கே போட்டுக்கொண்ட உத்தரவு.

கேட்பது முதலில் எளிதாக இல்லை. "அப்படின்னா என்னங்க?" என்ற இரண்டு சொல்லைச் சொல்ல, ஊசி போட்டுக்கொள்ளும் மாட்டைப் போலத் தவித்தேன். பழகியபிறகு பெஞ்சுக்காரர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. வைக்கோல் போரைப் 'படப்பு' என்றார்கள், எழுதினேன். மாடு எத்தனையாவது முறை கன்று போடுகிறது என்பதை 'ஈத்து' என்று எண்ணினார்கள், எழுதினேன். வீரசோழனிலிருந்து வரும் ஆட்டு வியாபாரி ஒருவர், ஆட்டின் வாயைத் திறந்து ரெண்டு பல்லு, நாலு பல்லு என்று வயது சொல்லும் வித்தையை விளக்கிவிட்டு, "இதெல்லாம் விட்டுட்டு அஞ்சு வருசமா என்ன சார் சொல்லிக்குடுத்தாக?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

நோட்டில் எழுதியதும் சொல் நம்முடையதாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மறுநாள் அதை வேறொருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் சிரித்தால், எங்கோ தவறு. மறுபடி கேட்க வேண்டும். நான் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஏழு பேரிடம் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். எட்டாவது ஆள் சிரிக்காமல் பதில் சொன்னபோது சம்பள உயர்வு வந்ததுபோல் இருந்தது. சனிக்கிழமை மதியம் கம்பவுண்டர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பரீட்சை செய்வார். நாற்பதுக்கு இருபத்தெட்டுக்கு மேல் நான் போனதில்லை. "பாஸ்தான் சார். ஆனா பரிசு கெடையாது" என்பார்.

இரண்டு மூன்று வருடத்தில் நோட்டு நான்காயிற்று. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மாடு தின்பதைப் பற்றிய பக்கம். உரிய இடத்தில், உரியவர் சம்மதத்தோடு தின்றால் 'மேய்ந்தது'. தின்னக் கூடாத இடத்தில் தின்றால் 'வாய் வைத்தது'. வேலி தாண்டி அடுத்தவர் பயிரை அழித்தால் 'வெள்ளாமையில் விழுந்தது'. அதற்குப் பஞ்சாயத்துக் கூடும். இவற்றுக்கு நடுவே 'தலை நீட்டியது' என்று ஒன்று. அடுத்தவர் காட்டில்தான், அதாவது புஞ்சையில்தான் தின்றது, ஆனால் யார்மீதும் குற்றமில்லை, போகிற போக்கில் நடந்துவிட்டது, பேசாமல் விட்டுவிடலாம் என்று அர்த்தம். ஒரு கவளம் சோளத்தட்டை, நான்கு சொல். தின்றது என்னவோ ஒன்றுதான். மாட்டுக்காரரின் மானம்தான் சொல்லுக்குச் சொல் மாறும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வறட்சி வருடம். வீரசோழன் பஸ் போகும் பாதையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சிற்றூரில் தடுப்பூசி போடப் போயிருந்தோம். ஊசிக்கு மாட்டைக் கொண்டுவரச் சொல்லி அந்த ஊரை இணங்கவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்திருந்தது. பேச்சியம்மாள் என்றொரு பெண் தன் பசுவை ஓட்டிவந்தாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். வீட்டில் வேறு ஆள் துணை கிடையாது. அந்தப் பசுதான் எல்லாம். அது ஏழு மாதச் சினை.

"சினைமாட்டுக்குப் போடலாமா சார்?" என்று கேட்டாள்.

"தாராளமாகப் போடலாம்" என்றேன். போட்டேன். ஓட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஊரே ஓடிவந்தது. போய்ப் பார்த்தால், பசு அவள் வீட்டுக் கட்டுத்தறியில் விழுந்துகிடந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மூச்சு தறிகெட்டு ஓடியது. "ஊசி போட்டதுலருந்துதான்" என்று ஒருவர் சொன்னார். அதை அவர் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஊசிக்குக் கட்டியிருந்த மிச்ச மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போகப் பின்னாலிருந்தவர்கள் நகர ஆரம்பித்தார்கள்.

கம்பவுண்டர் என் எதிரே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால் அதற்கு ஒரு மருந்து. சோள நஞ்சு என்றால் ஹைப்போ. அவர் கை இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஒன்றைப் போட்டு, பார்த்து, பிறகு மற்றதைப் போட நேரம் இருக்காது. சோள நஞ்சென்றால் இமைக்குள் செக்கச்செவேலென்று இருக்கும்; பசுவின் இமையைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்திருந்தது போலிருந்தது. ஆனால் உச்சி வெயிலில் பயந்தவன் கண்ணுக்கு எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும்.

"ஊசி போட்டபிறகு எங்கே மேய்ந்தது?" என்று பேச்சியம்மாளைக் கேட்டேன்.

"எங்கயும் வாய் வைக்கல சார். நேரா இங்க கொண்டாந்து கட்டிட்டேன்."

நான் 'எங்கே மேய்ந்தது' என்றுதான் கேட்டிருந்தேன். வாய் வைத்ததா என்று கேட்கவில்லை.

இளையவர்களே, அந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு முதலில் வந்தது தெளிவு அல்ல, நிம்மதி. அவள் பசு திருடித் தின்றிருந்தால் என் ஊசி நிரபராதி. இந்த நிம்மதி வந்தவுடனே எனக்குச் சந்தேகமும் வந்தது. எனக்கு வேண்டியது என் காதில் விழுகிறதோ? ஒரு பெண் அவசரத்தில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து இரண்டு உயிரைப் பணயம் வைக்கலாமா? அவளையே கேட்க வேண்டும். ஆனால் இத்தனை பேர் நடுவில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

"மாட்டுக்கு நிழல் வேணும். எல்லாரும் போய் ஆளுக்கொரு பனை ஓலை கொண்டாங்க" என்றேன்.

கம்பவுண்டர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். உடனே எழுந்து, "நிக்காதீக, ஓடுங்க. காஞ்ச ஓலை ஆகாது, பச்சையா வெட்டுங்க" என்று விரட்டினார். பச்சை ஓலைக்கு மரம் ஏற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்தது. நான் பசுவின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவளைப் பார்க்காமல், பசுவைப் பார்த்தே கேட்டேன். "வர்ற வழியில எங்கயாவது தல நீட்டிருச்சாக்கா?"

பசுவின் காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"மேலக்காட்டு மறுதாம்புல. அது தல நீட்டல சார். நான்தான் கயித்த விட்டேன். வீட்டுல ஒரு பிடி தட்டை இல்ல. ஏழு மாசத்தை வயித்துல வச்சுக்கிட்டு அது என் மூஞ்சியவே பாக்குது."

நான் திரும்புவதற்குள் கம்பவுண்டர் ஹைப்போவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்த அரைமணி நேரத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பனை ஓலைகள் வந்து சேர்ந்தபோது பசு தலையைத் தூக்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முன்காலை ஊன்றியது. நான்கு காலில் நின்றதும் கூட்டத்தில் ஒருவர் "எந்திரிச்சிருச்சு" என்று எல்லோருக்கும் தெரிந்ததை அறிவித்தார். நான் பேச்சியம்மாளிடம், "வயித்துல இருக்கிறதுக்கு மட்டும் இப்ப எதுவும் உறுதி சொல்ல முடியாதுக்கா. பொறுத்துத்தான் பாக்கணும்" என்றேன். அவள் பசுவின் முதுகில் கைவைத்தபடி "ம்" என்றாள்.

அப்போது குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். அவர்தான் மேலக்காட்டுப் புஞ்சைக்காரர் என்று கம்பவுண்டர் என் காதோரம் சொன்னார்.

"என்ன டாக்டரய்யா, ஊசி ஒத்துக்கலையோ?"

கூட்டம் என் வாயைப் பார்த்தது. ஆமாம் என்றால் அந்த ஊர் இனி ஒரு மாட்டையும் ஊசிக்குக் கொண்டுவராது. அடுத்த கொள்ளைநோய்க்குத் தொழுவெல்லாம் காலியாகிவிடும். இல்லை, சோளம் என்றால் அடுத்த கேள்வி, யார் காட்டுச் சோளம் என்பது. பேச்சியம்மாள் பசுவின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். கல்லூரியில் நான் பேச்சுப்போட்டிக்குப் பரிசு வாங்கியவன். அன்றைக்கு ஒரு வாக்கியத்துக்காகத் திணறியதுபோல் எந்த மேடையிலும் திணறியதில்லை.

"ஊசி இல்லைங்க. சோளம்" என்றேன். "வண்டிப்பாதையோரத்துல சிந்தி மொளைச்சு வாடி நிக்குதே, அதுல தல நீட்டியிருக்கு. இந்த வறட்சியில பச்சையா எதைக் கண்டாலும் மாடு விடாது. மழை பெய்யிற வரைக்கும் ஊர்ல யாரும் சோளத்துப் பக்கம் மாட்டைக் கொண்டுபோகாதீங்க. யார் மாடா இருந்தாலும் விழுந்துரும்."

புஞ்சைக்காரர் குடையைக் கைமாற்றினார். தன் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் என்ன முளைத்திருக்கிறது, என்ன முளைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? பேச்சியம்மாளைப் பார்த்தார். பசுவின் வயிற்றைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"எங்காட்டு ஓரத்துலயும் அப்படிக் கொஞ்சம் கெடக்கு" என்றார். "பொழுது சாயிறதுக்குள்ள ஆள விட்டுப் பிடுங்கிப்போடச் சொல்றேன்." இரண்டு எட்டுப் போய்விட்டுத் திரும்பினார். "எம் மாடு ரெண்டுக்கும் ஊசி போடணும். இருப்பீகள்ல?"

இருந்தோம். அவிழ்த்துக்கொண்டு போன மாடுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மருந்து தீரும்வரை போட்டோம். சைக்கிளில் திரும்பி வரும்போது கம்பவுண்டர், "இன்னைக்கு முப்பத்தஞ்சு போடலாம் சார்" என்றார். ஊசியைச் சொல்கிறார் என்று நினைத்து, "நாற்பத்தாறு போட்டோமே" என்றேன். "நாப்பதுக்கு முப்பத்தஞ்சு சார்" என்றார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் போனது. அந்த ஊரிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் பசுவைப் பற்றி விசாரிப்பேன். "நல்லாத்தான் நிக்குது" என்பார்கள். நிற்பது எனக்குப் போதவில்லை. சினை தங்கியதா என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

ஒருநாள் காலை மருந்தகத்தைத் திறக்கப் போனபோது பேச்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தனியாக.

"மாடு எங்கேக்கா?"

"அதை எதுக்கு அம்புட்டுத் தூரம் நடத்திக்கிட்டு? வீட்டுல நிக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இங்க டாக்டரய்யா தெனம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுறாகன்னு சொன்னாக. நெசமா?"

"நிஜம்தான்."

"இன்னைக்கு எழுதியாச்சா?"

"இனிமேல்தான்."

"அப்ப எழுதுங்க. மடி விட்டுருக்கு."

கம்பவுண்டர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் முதல் நோட்டில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்லத்தான் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்படின்னா என்னக்கா?"

"இது தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, கன்று போடப்போகிற பசுவுக்கு முதலில் மடி எப்படி இறங்கும், காம்பு எப்படி விறைத்து மினுங்கும், கையை வைத்தால் எந்தச் சூடு இருக்க வேண்டும், எத்தனை நாள் முந்தினால் பயப்பட வேண்டும் என்று அவள் காற்றில் கையால் வரைந்து வரைந்து சொன்னாள். பழைய நோட்டில் நான் அதற்கு எழுதியிருந்தது ஒரே வரி. அன்றைக்கு ஒன்றரைப் பக்கம் ஆயிற்று.